அப்பாவின் இடுப்புக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர்

1

இது கதையாகப் பிறந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு துண்டறிக்கை கேட்டார்கள், நான் சொதப்பினேன், அதன் விளைவு இது.

என் அக்காவும் அத்தானும் ஆம்ப்ளிஃபயர் செய்து விற்பவர்கள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டதில் அக்காவுக்குப் பதில் சொல்லியே வாய் வலித்துப்போனது. ஒருநாள் எனக்கு போன் செய்தாள்.

"ஆம்ப்ளிஃபயர்ல என்னென்ன வகை இருக்கு, எதை எப்படி டிசைன் பண்றோம், இதை ரெண்டு பக்கத்துல எழுதிக் குடு. வர்றவங்க கையில அதைத் திணிச்சிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்."

"எனக்கு ஆம்ப்ளிஃபயர் பத்தி என்னக்கா தெரியும்?"

"தெரியாததை எல்லாம் எழுதித்தானே இத்தனை புஸ்தகம் போட்டிருக்க?"

உட்கார்ந்து எழுதினேன். 'ஆம்ப்ளிஃபயர் என்பது சிறிய ஒலியைப் பெரிய ஒலியாக்கும் கருவி.' போனில் வாசித்துக் காட்டினேன். அக்கா முதல் வரியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒலியை அது தொடறதே இல்லடீ. மைக் ஒலியை மின்சாரமாக்கும். நோஞ்சான் மின்சாரம். அது எப்படி நெளியுதோ அதே மாதிரி நெளியற பெரிய மின்சாரத்தை பேட்டரியிலேர்ந்து எடுத்துக் குடுக்கறதுதான் ஆம்ப்ளிஃபயர்."

"அப்ப அது பெருசாக்கல. பார்த்துப் பெருசா வரையுது."

"அதை எழுதிக்கோ" என்றாள். அக்காவிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

இரண்டாவது வரி: 'உதாரணமாக, என் அப்பாவின் குரல்.' அதோடு துண்டறிக்கை கையை விட்டுப் போனது.

2

அப்பாவைக் கதைக்குள் கொண்டுவர மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

ஒன்று: 'அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில், திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று அப்பா பேசத் தொடங்கினால்' (இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் பறவைகள் பறக்கும், ஜன்னல் அதிரும். அந்தக் கூடத்தில் பறவையே கிடையாது, பாடம் செய்து வைத்தவற்றைத் தவிர.)

இரண்டு: 'அப்பாவின் குரல் ஒரு' (வேண்டாம். வெண்கலம், மணி, இடி எல்லாவற்றையும் எனக்கு முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.)

மூன்று: 'உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதும் நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம், அப்பாவைத் தவிர.'

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அதுதான் நடந்தது. அப்பா அருங்காட்சியகத்தில் வழிகாட்டி. கூட்டத்தை அழைத்துக்கொண்டு கூடம் கூடமாக நடந்தபடியே பேசுவது அவர் வேலை. தொண்டையில் வந்த கட்டியை எடுத்தபோது குரல் நாண் ஒன்று அசையாமல் நின்றுவிட்டது. இப்போது அவரிடம் இருப்பது பெரும்பாலும் காற்று, அதன் நடுவே கொஞ்சம் கரகரப்பு.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் மேடம் நல்லவர். வீட்டுக்கே வந்து சொன்னார். "வெள்ளிக்கிழமை ஒரு ஸ்கூல் பிள்ளைங்க வர்றாங்க சார். ஒரு சுற்று பேசிப் பாருங்க. முடிஞ்சா உங்க வேலை உங்களுக்குத்தான். முடியலன்னா டிக்கெட் கவுன்டர்ல உட்காருங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

அவர் போனதும் அப்பா சொன்னார்: "கண்ணாடிக்குப் பின்னாடி உட்கார்ந்து சீட்டுக் கிழிக்கவா இத்தனை வருஷம் அந்த எலும்பையெல்லாம் காட்டிப் பேசிக்கிட்டிருந்தேன்?"

இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது இதுதான். அவர் திமிங்கலத்துக்குக் கீழே நிற்பாரா, கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவாரா. வேறு பெரிய திருப்பம் எதையும் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

(அம்மா எங்கே என்று கேட்பீர்கள். வீட்டில்தான் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். "என்னை உன் கதைக்குள்ள இழுக்காத, போன தடவை பட்டது போதும்" என்று சொல்லிவிட்டதால் இங்கே வர மாட்டாள்.)

3

துண்டறிக்கைக்கு ஒப்புக்கொண்ட வேலையைச் செய்ததாகவும் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயர் வகைகள்.

ஏ வகை. இதிலுள்ள டிரான்சிஸ்டர் ஓய்வே எடுக்காது. பேச்சு வந்தாலும் வராவிட்டாலும் அதன் வழியாக மின்சாரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். விருந்தாளி வருவாரோ மாட்டாரோ, அடுப்பை அணைக்காத வீடு மாதிரி. குரலை அச்சு அசலாகத் தரும். கையை வைத்தால் சுடும்.

பி வகை. இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒலி அலையில் மேலே போகும் பாதி ஒன்றுக்கு, கீழே போகும் பாதி இன்னொன்றுக்கு. தன் முறை இல்லாதபோது ஒவ்வொன்றும் தூங்கிவிடும். பேட்டரிக்கு லாபம். ஆனால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடத்தில், இரண்டு பேருமே தூங்கும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அங்கே ஒலி விட்டுப்போகும்.

[அக்கா ஓரத்தில் எழுதியது: 'தூங்கும்' என்று எழுதாதே. குறிப்பிட்ட அளவு மின்னழுத்தம் வந்தால்தான் அது கடத்தும். அதுவரை கடத்தாது. அவ்வளவுதான். சோம்பேறிப் பட்டம் கட்டாதே.]

ஏபி வகை. அதே இரண்டு பேர்தான். ஆனால் இருவரையும் எப்போதும் அரை விழிப்பில் வைத்திருப்பார்கள். சின்ன மின்சாரம் ஒன்று ஓடிக்கொண்டே இருப்பதால் கை மாறும்போது இடைவெளி விழாது.

டி வகை. இது வேறு ஜாதிக் குதிரை. ஒலியைக் காதுக்கு எட்டாத வேகத்தில் 'உண்டு, இல்லை' என்று துண்டு துண்டாக நறுக்கி, கடைசியில் வடிகட்டித் திரும்ப ஒட்டவைக்கும். சூடே ஆகாது. பேட்டரி நாள் கணக்கில் வரும்.

அப்பாவுக்கு எந்த வகை என்பதில் அக்காவுக்கும் அத்தானுக்கும் முட்டிக்கொண்டது. பெல்ட்டில் மாட்டும் ஒரு சின்னப் பெட்டி, அதிலேயே ஸ்பீக்கர், காதைச் சுற்றி வந்து வாய்க்கு முன்னால் நிற்கும் மைக். இதுவரை சண்டை இல்லை.

"டி போடு. சிப் ரெடிமேடா கிடைக்குது. நகத்தளவுதான் இருக்கு" என்றார் அத்தான்.

"எங்கப்பாவுக்குக் கடைச் சிப்பை வாங்கிப் போட்டுக் குடுக்க மாட்டேன். ஒவ்வொண்ணா நானே வைப்பேன்."

"இது ஒரு டிசைன் காரணமா?"

"இல்ல. ஆனா அதுதான் காரணம்."

அத்தான் எழுந்து பற்றவைக்கும் கோலைச் சூடுபண்ணப் போனார். அவர் இந்தக் குடும்பத்துக்கு வந்து நாளாகிவிட்டது.

அக்கா பி வகையைத் தேர்ந்தெடுத்தாள். ஏ வகையை இடுப்பில் கட்டினால் அப்பா வெந்துவிடுவார். பேட்டரி ஒரு நாள் முழுக்க நிற்கவேண்டும். கை மாறும் இடத்து ஓட்டையை அடைக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெளியே வருவதில் கொஞ்சத்தை எடுத்து, உள்ளே போனதோடு ஒப்பிட்டு, தப்பு இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளும் சுற்று. பின்னூட்டம் என்பார்கள். பெருக்கம் குறையும், பிழையும் குறையும். (என் பதிப்பாசிரியர் எனக்குச் செய்வதும் இதேதான் என்று எழுதியிருந்தேன். அக்கா அடித்துவிட்டாள். அடித்தது தெரியட்டும் என்று இங்கே வைத்திருக்கிறேன்.)

4

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. புது ஆம்ப்ளிஃபயர் மேசைக்கு வந்தால் அந்தப் பக்கம் வருகிற எவரும் அதில் பேசாமல் போக முடியாது. அக்கா பேசினாள். அத்தான் எப்போதும் பேசுவதைப் பேசினார்: "ஹலோ, ஹலோ, சத்தம் வருதா, சத்தம் வந்தா டீ வருமா." நான் என் கதை ஒன்றிலிருந்து ஒரு பத்தியை வாசித்தேன், போதும் என்றார்கள். பார்சல் கொண்டுவந்த ஆள்கூட ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டின் பாதியைப் பாடிவிட்டுப் போனார்.

எல்லாருடைய குரலும் கண்ணாடி மாதிரி வந்தது. மின்சாரத்தின் நெளிவைக் காட்டும் அலைகாட்டியின் திரையில் கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்கா பெட்டியை மூடித் திருகாணியை முடுக்கினாள்.

பிறகு அப்பா வந்தார். காதில் மைக்கை மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்.

பெட்டியிலிருந்து வந்தது காகிதத்தைக் கசக்கும் சத்தம். நடுவில் ஒரு 'எல்லா', ஒரு 'ச்சா'. அவ்வளவுதான். அப்பா திரும்பக் கேட்டார். திரும்பவும் காகிதம்தான்.

"சத்தத்தைக் கூட்டு" என்றார் அத்தான். கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து வருவது மைக்குக்குள்ளேயே திரும்பப் போய் ஊளையிட்டது. சின்ன முன்னறையிலேயே இந்தப் பாடு என்றால் எதிரொலிக்கிற கூடத்தில் கேட்கவே வேண்டாம்.

அக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். எனக்குப் பிறகுதான் விளக்கினாள். கை மாறும் இடைவெளி எல்லா ஒலிக்கும் ஒரே அளவுதான். பெரிய அலைக்கு அது ஒரு கீறல். சின்ன அலைக்கு அதுவே உடம்பு முழுக்க. அந்த நேரத்தில் இரண்டு டிரான்சிஸ்டருமே கடத்தாமல் இருப்பதால், திருத்தவேண்டிய பின்னூட்டமும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்கும். பேச முடியாத ஒருவருக்காகச் செய்த பெட்டியை, பேச முடிந்த எல்லாரும் பேசிப் பார்த்து, பிரமாதம் என்று மூடிவைத்திருக்கிறோம்.

"நான் மெஷின்லேர்ந்து சீரான சைன் அலையைப் பெருசா குடுத்து டெஸ்ட் பண்ணினேன்" என்றாள் அக்கா. "எப்பவும் அப்படித்தானே பண்ணுவேன். அப்பா எவ்வளவு சின்னதாப் பேசறார்னு நான் அளக்கவே இல்லடீ."

5

அவள் அதை ஏபி வகையாக மாற்றினாள். இரண்டு டிரான்சிஸ்டர்களையும் அரை விழிப்பில் நிறுத்த ஒரு சின்ன மின்னழுத்தம். அதைக் கொடுப்பதிலும் ஒரு சிக்கல். சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர் தானாகவே அதிகம் கடத்தும், கடத்தக் கடத்த இன்னும் சூடாகும், கடைசியில் எரிந்துபோகும். அதனால் அந்த மின்னழுத்தத்தைக் கொடுக்கும் குட்டி டிரான்சிஸ்டரை, பெரியவை இரண்டும் உட்கார்ந்திருக்கும் அலுமினியத் தகட்டிலேயே ஒட்டினாள். அவர்களுக்குச் சூடானால் இவனுக்கும் தெரியும், தெரிந்தால் குறைத்துக்கொள்வான். (இங்கே குடும்பத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத என் கை துறுதுறுத்தது. எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் அப்பா மறுபடி வந்தார். இந்த முறை நாங்கள் யாரும் பேசிப் பார்க்கவில்லை. அவர்தான் முதலில் பேசினார்.

"இப்ப கேக்குதா?"

கேட்டது. அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. காற்று, கரகரப்பு, வார்த்தைக்கு நடுவில் அவர் எச்சில் விழுங்குவது, 'தா'வில் குரல் வழுக்கி விழுவது, எல்லாமே அறை நிறையக் கேட்டது.

அப்பா பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"இது யாரு பேசறது?"

அந்தக் கேள்வியும் அதே குரலில் அறை முழுக்கக் கேட்டது. அவர் சுவிட்சை அணைத்தார். மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே போய் அத்தானின் வண்டிமேல் சாய்ந்து நின்றுகொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் தன் குரலைச் சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு துளி டிஸ்டார்ஷன் இல்ல" என்றாள் அக்கா, திரையைப் பார்த்தபடி. குரல் எங்கேயும் திரியவில்லை என்று அர்த்தம். "துளி இல்ல." அவள் கண்ணில் நீர் நின்றது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு உண்மையாகச் செய்யச் சொல்லி உன்னை யார் கேட்டது என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. அவளுக்கும் அது தோன்றியிருக்கும்.

6

செவ்வாய்க்கிழமை அத்தான் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்சைச் சேர்த்திருந்தார். கீழே தள்ளினால் அக்கா செய்தது அப்படியே. மேலே தள்ளினால் வழியில் ஒரு டிரான்சிஸ்டரை வேண்டுமென்றே கோணலாக வேலை செய்யவைக்கும். அது உள்ளே வராத ஓர் ஒலியைத் தானே சேர்க்கும். குரல் கொஞ்சம் தடிக்கும். கூடவே காற்றின் இரைச்சலை அடக்க ஒரு வடிகட்டி.

அக்கா பேசிப் பார்க்கவே மறுத்துவிட்டாள்.

"டிஸ்டார்ஷனை எடுக்கத்தான் நான் படிச்சேன். நீங்க அதைக் காசு குடுத்து வாங்கி உள்ள வைக்கறீங்க."

"காதுக்கு இதமா இருக்கும். அவ்வளவுதானே?"

"அது அப்பா குரல் இல்ல."

"ஏம்மா, உன் போட்டோவையெல்லாம் ஃபில்டர்ல தேய்ச்சுத் தேய்ச்சுத்தானே போடற? அதுல இருக்கறது நீயா?"

நான் இடையில் புகுந்து கதை எழுதுகிறவர்களின் பார்வையில் உண்மை என்பது என்று ஆரம்பித்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நீ சும்மா இரு" என்றார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

அப்பா வாங்கி மாட்டிக்கொண்டார். சுவிட்சை மேலே தள்ளிப் பேசினார், கீழே தள்ளிப் பேசினார். திரும்ப மேலே. மேலே வைத்தபோது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், பக்கத்து அறையில் பழைய அப்பா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருப்பது போல இருந்தது.

"மேல வச்சா நல்லாயிருக்கு. கீழ வச்சா நானாயிருக்கு" என்றார் அப்பா. "யோசிக்கறேன்."

7

முடிவுகள்.

முடிவு அ: வெள்ளிக்கிழமை. அப்பா சுவிட்சை மேலே தள்ளுகிறார். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிறார்கள். பொறுப்பாளர் மேடம் தூணுக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்து [அக்கா: இதை அச்சில் பார்த்தேன் என்றால் உன்னோடு பேச மாட்டேன்.]

முடிவு ஆ: வெள்ளிக்கிழமை. அப்பா சுவிட்சைக் கீழே தள்ளுகிறார். ஒரு பிள்ளை சிரிக்கிறது, அதைப் பார்த்து இன்னொன்று. அப்பா பெட்டியை அணைத்துவிட்டுத் தானே டிக்கெட் கவுன்டரை நோக்கி [அத்தான்: மாமாவை இவ்வளவு சப்பையாக எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?]

முடிவு இ: சுவிட்ச் நடுவில் நிற்கிறது. [அக்கா, அத்தான் இருவரும்: அந்த சுவிட்ச் நடுவில் நிற்காது.]

வேறு வழியில்லாமல் இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடமே கொடுத்தேன். இன்று புதன்கிழமை. மாலை வெயில் சமையலறை மேசைவரை வந்திருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். துண்டறிக்கை இடத்தில் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பகுதி வந்ததும் தாளைக் கொஞ்சம் தூரமாகப் பிடித்துக்கொண்டார். முடித்ததும் என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இதுல எல்லா இடத்துலயும் நான் பழைய மாதிரி பேசறேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். சீட்டுக் கிழிக்கவா இத்தனை வருஷம் என்ற வரி. அதை அவர் அப்படிச் சொல்லவில்லை. 'கண்ணாடிக்கு' என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். 'சீட்டு' என்பதோடு குரல் போய்விட்டது. மிச்சத்தைக் கையால்தான் காட்டினார், எலும்பு என்பதற்கு மேலே கூரையைக் காட்டினார். எங்களுக்குப் புரிந்தது. நான் வீட்டுக்கு வந்து அதை முழு வாக்கியமாக எழுதி, கடைசியில் ஒரு கேள்விக்குறியையும் போட்டுவிட்டேன். எழுதும்போது என் காதில் கேட்டது பழைய குரல். அத்தானுக்காவது ஒரு சுவிட்ச் தேவைப்பட்டது.

"மாத்திடறேன்ப்பா. மூச்சு வாங்கற இடத்துலயெல்லாம் புள்ளி வச்சிடறேன்."

"வேணாம்மா. படிக்கறவங்களுக்கு மூச்சு முட்டும்." சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இப்போது சத்தம் கிடையாது, தோள் மட்டும்தான் குலுங்கும். "இருக்கட்டும். எங்கயாவது ஓரிடத்துல நான் பழைய மாதிரி பேசிட்டுப் போறேன்."

மேசைமேல் கிடந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முடிவு எழுதலையா?"

"நீங்க சுவிட்சை எந்தப் பக்கம் வைப்பீங்கன்னு தெரியாம எப்படிப்பா எழுதறது?"

"எனக்கே தெரியாதே. அங்க போய் நின்னாத்தான் தெரியும். முதல்ல என்ன பேசணும்னு மட்டும் முடிவு பண்ணிட்டேன். அதை வேணா எழுதிக்கோ."

திமிங்கலம் முழுதாகக் கண்ணில் விழவேண்டும் என்றால் விலகி நிற்கவேண்டும். அதனால் இத்தனை வருஷமும் அப்பா கூடத்துக்குள் நுழைந்ததும், எல்லாரும் சுவர்வரைக்கும் தள்ளி நில்லுங்கள் என்றுதான் சுற்றைத் தொடங்குவார். அதை மாற்றிவிட்டாராம். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து புதிய வரியைச் சொன்னார். இடுப்பில் பெட்டி இல்லை.

கதை கேட்டிருந்த இதழுக்கு நாளைக் காலை இதை அனுப்பியாக வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு நான் காத்திருக்க முடியாது, அச்சகம் காத்திருக்காது. ஆகவே வரியை மட்டும் கீழே எழுதிவிட்டு நகர்ந்துகொள்கிறேன். எழுத்தில் எனக்குத் தெரிந்த குரல் ஒன்றுதான், அது அவரிடம் இப்போது இல்லை. பிள்ளைகள் எத்தனை பேர், அவர்கள் சிரித்தார்களா, பக்கத்தில் வந்தார்களா, சுவிட்ச் எந்தப் பக்கம் என்பதெல்லாம் இனி உங்கள் பொறுப்பு. ஒரே ஒரு உதவி. இதைக் கண்ணால் படிக்காதீர்கள். வாய்விட்டு, உங்களால் முடிந்த அளவு தணிந்த குரலில் சொல்லிப் பாருங்கள்.

"பிள்ளைங்களா, கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. நான் சத்தமா பேச மாட்டேன். ஆனா எல்லாத்தையும் சொல்லுவேன்."